வண்ணக் குழாய்த் துண்டுகள்

அளவு எடுத்தபோது எனக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. ஜோகுபாளையத்தில் ஒரு பழைய வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் சைக்கிள் பிரேம் செய்கிறவர் என்னைச் சுவரோடு ஒட்டி நிற்க வைத்தார். கால், இடுப்பு, தோள் என்று டேப்பைப் பிடித்துக்கொண்டே வந்தவர், கை நீளத்தைப் பார்த்துவிட்டுச் சந்தேகப்பட்டு இன்னொரு தடவை அளந்தார்.

"என்ன குரு, கை முட்டிக்குக் கீழ போவுது. மரத்துல வளந்தியா?"

எனக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த சட்டையிலிருந்து ஆபீஸில் கொடுத்த ஜாக்கெட் வரைக்கும் எதுவும் என் மணிக்கட்டை எட்டியதில்லை. மலைப்பாதையில் ஓட்டுகிற சைக்கிள் கடையில் எத்தனையோ வகையில் கிடைக்கிறது. ஆபீஸ் நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் துரஹள்ளிக் காட்டுக்குப் போகும்போது இரவல் வாங்கி நிறைய ஓட்டிப் பார்த்துவிட்டேன். எதில் ஏறினாலும் சர்க்கஸ் கரடி மாதிரிதான் இருந்தேன். இப்போது முதன்முதலாக ஒரு பொருள் என் கைக்கு ஏற்ற நீளத்தில் வரப்போகிறது.

சிரமம் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. அவர் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, "கலர் என்ன?" என்று கேட்டார்.

"எது நல்லது?" என்றேன்.

"எல்லாமே நல்ல பெயின்ட்தான். உனக்கு எது பிடிக்கும்?"

நான் சுவரில் தொங்கிய பிரேம்களைப் பார்த்தேன். அவருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். வீட்டில் கன்னடம், வளர்ந்தது அல்சூரில் என்பதால் தமிழும் சரளம்; யாரையும் 'குரு', 'மச்சா' என்றுதான் கூப்பிடுவார். நான் யோசிப்பதாக நினைத்துக்கொண்டு அவர் ஒரு ஹேண்டில்பாரைத் துடைக்க ஆரம்பித்தார். உண்மையில் நான் யோசிக்கவில்லை. யோசிக்க உள்ளே ஒன்றும் இல்லாதது மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான்தான். அப்படி வருகிறவனுக்கு எதற்கெடுத்தாலும் 'எது நல்லது' என்று விசாரிக்கிற பழக்கம் வந்துவிடுகிறது. எந்தக் குரூப் எடுத்தால் நல்லது, எந்தக் கல்லூரி நல்லது, முதல் வேலையில் எத்தனை நாள் இருந்தால் நல்லது. வழி தெரிந்தவர்கள் சொல்வார்கள், அதன்படி நடப்பேன். அதனால் எனக்குக் கெடுதல் ஒன்றும் வந்துவிடவில்லை. ஆனால் 'எது பிடிக்கும்' என்று யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"சரி, இதை எடுத்துட்டுப் போ" என்று ஒரு கம்பி வளையத்தை நீட்டினார். அதில் சாண் நீளக் குழாய்த் துண்டுகள் கோர்த்திருந்தன, ஒவ்வொன்றும் ஒரு நிறம். பிரேமுக்கு வெட்டியதில் மிஞ்சிய இரும்பில் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். "வெயில்ல பாரு, ரூம் லைட்ல பாரு. பத்திரம் மச்சா, எல்லா கஸ்டமருக்கும் இது ஒரு செட்டுதான். இந்த வாரம் இல்ல, அடுத்த வாரம் சனிக்கிழமை பெயின்டருக்கு லோடு போவுது. அதுக்குள்ள நீ சொல்லலன்னா கருப்பு அடிச்சிருவேன். கருப்புன்னா யாரும் குறை சொல்ல மாட்டாங்க."

எங்கள் வீட்டில் சொல்வார்கள். அதுதான் சிக்கல்.

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தில் எதிரும் புதிருமாக இரண்டு ஸ்கூட்டர் வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். அங்கே சைக்கிளை வெளியே நிறுத்தினால் காலையில் அதன் மேல் யார் வீட்டுப் போர்வையாவது காயும், இல்லையென்றால் சைக்கிளே இருக்காது. அதனால் வண்டியை வீட்டுக்குள் சுவரில்தான் மாட்ட வேண்டும். இருப்பது ஒரு முன்னறை. அதில் காலியாகக்கூடியது சாமி அலமாரிக்கு எதிர்ச்சுவர் மட்டும். அம்மா அந்தச் சுவரைத் தாராளமாகக் கொடுத்தாள். அங்கே மாட்டியிருந்த என் பட்டமளிப்பு போட்டோவைக் கழற்றி வாசற்படிக்கு மேலே மாற்றினாள். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"கருப்பு மட்டும் வேணாம்பா. சாமிக்கு நேரா புதுசா ஒண்ணு வந்து நிக்கப்போவுது, அது கருப்பாவா இருக்கணும்?"

அக்கா உடனே போட்டோவைக் காட்டினாள். "கருப்பு கவுன மாட்டிக்கினு இத்தினி வருசம் சாமிக்கு நேராதானே நின்னுனு இருந்தான்?"

"அது வாடகைக் கவுனுடி" என்றாள் அம்மா.

ஆக, சனிக்கிழமைக்குள் நான் ஒரு நிறம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கருப்பு. கருப்பு வந்தால் வீட்டுக்குள் இடமில்லை. என் கைக்கென்று அளந்து செய்த சைக்கிள் அந்தக் கொட்டகையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

துண்டுகளை எடுத்துக்கொண்டு அல்சூரில் மெட்ரோ ஏறப் போனேன். ஸ்கேனருக்குள் பையை அனுப்பியதும் சோதனைக்கு நின்ற பெண் காவலர் பையைத் தனியே இழுத்து வைத்தார். திரையில் வரிசையாக இரும்புக் குழாய்கள் தெரிந்தால் யார்தான் விடுவார்கள். வெளியே எடுக்கச் சொன்னார். எடுத்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, "ஈ நீலி சென்னாகிதே", இந்த நீலம் நன்றாக இருக்கிறது என்று கன்னடத்தில் சொல்லித் தொட்டுக் காட்டினார். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் சிவப்புதான் நல்லது என்றார். எனக்கு முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு ஒரு நொடியில் பதில் தெரிந்திருந்தது.

வீட்டிலும் அப்படித்தான். அக்காவுக்கு மயில் கழுத்து நிறம். அவள் எட்டாவதோடு நின்றுவிட்டு இப்போது சிக்பேட்டையில் புடவைக் கடையில் இருக்கிறாள். குழாய்த் துண்டுகளையே புடவை மாதிரி தோளில் வைத்து வைத்துக் காட்டினாள். அம்மாவுக்கு அரக்கு. அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர், மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே ஒரு முறை பார்த்தார்.

"பச்ச வேணாம். நாள் பூரா அதுலதான் குந்தினு இருக்கேன்."

"வேற எதுப்பா?"

"எனக்கு இன்னா தெரியும். நீ ஓட்டப்போறது."

நான் எனக்குத் தெரிந்த வழியில் போனேன். நண்பர்களைக் கேட்டேன். சேறு தெரியாத நிறம், கீறல் தெரியாத நிறம், வெயிலில் வெளுக்காத நிறம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மணல் நிறம் நின்றது. பளபளப்பே இல்லாத மேட் மணல் நிறம். எல்லோரும் அதுதான் நல்லது என்றார்கள். அந்தத் துண்டைக் கையில் வைத்துப் பார்த்தேன். நல்லதாகத்தான் இருந்தது. பிஸ்கட் மாதிரி இருந்தது.

"முடிவு பண்ணிட்டேன்" என்று அக்காவிடம் காட்டினேன்.

"எது, இந்தக் கடலமாவா? உன் இஷ்டம்டா. ஆனா பொண்ணு பாக்கப் போறப்பவும் இப்படியே அழுக்கு தெரியாத பொண்ணா பாக்காத."

மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் ஆபீஸிலிருந்து திரும்பியபோது துண்டுகள் சாமி அலமாரியின் முன்னால் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் நீரில் குழைத்த மஞ்சள், மஞ்சளின் நடுவில் குங்குமம். அம்மா காலையிலேயே வைத்துவிட்டிருந்தாள். எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் இப்படித்தான். மிக்ஸிக்கு வைத்தாள், என் லேப்டாப்பின் மூடிக்கு வைத்தாள், அப்பாவின் ஆட்டோவுக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வைக்கிறாள்.

"அம்மா, இது அவங்க சாமான். திருப்பிக் குடுக்கணும்."

"குடு. யாரு வேணான்னா? இரும்பு வூட்டுக்குள்ள வந்திருக்கு, பொட்டு வெக்காம எப்படிப் போட்டு வெக்கிறது? தொடச்சா போவப் போவுது."

துடைத்தேன். பளபளப்பான துண்டுகளில் போனது. மேட் துண்டுகளில் போகவில்லை. அந்தச் சொரசொரப்புக்குள் மஞ்சள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. வெள்ளையிலும் மணல் நிறத்திலும் நன்றாக வட்டமாகத் தெரிந்தது. சோப்பு போட்டேன், ஷாம்பூ போட்டேன். சோப்புப் பட்டதும் மஞ்சள் சிவந்து இன்னும் மோசமாயிற்று. அந்த மனிதர் 'பத்திரம் மச்சா' என்று சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். தேய்த்துக்கொண்டே, "பிரிட்ஜுல போச்சே" என்று இரண்டு தடவை சொன்னாள்.

அக்காதான் வழி சொன்னாள். "வெள்ள ஜாக்கெட்டுல மஞ்சள் பட்டா இன்னா பண்ணுவோம்? வெயில்ல போடு. தானா வெளுத்துடும்."

மொட்டை மாடியில் கொடிக்கு அடியில் கறை போனது, போகாதது என்று எல்லாத் துண்டுகளையும் வரிசையாக வைத்தேன். காலையில் ஆபீஸ் போவதற்கு முன் வைப்பதும், சாயங்காலம் வந்ததும் பார்ப்பதுமாக அந்த வாரம் ஓடியது. அக்கா சொன்னது உண்மை. மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலில் கரைந்து போயிற்று. ஆனால் குங்குமம் போகவில்லை. நல்லது என்று எல்லோரும் சொன்ன மணல் நிறத்தின் நடுவில் வெளிறிய ரோஸ் புள்ளி ஒன்று அப்படியே நின்றது.

மாடியில் உட்கார்ந்து அந்தப் புள்ளியைப் பார்க்கத்தான் போவேன். ஆனால் வரிசையில் மற்றவையும் இருந்தன. இதுவரை அவற்றை ரூம் விளக்கில் புரட்டிப் பார்த்ததோடு சரி, இப்போது தினமும் சாயங்கால வெயிலில் பார்க்க நேர்ந்தது. பார்த்தேன் என்றுதான் சொல்ல முடியும். தேர்ந்தெடுப்பதற்காகப் பார்க்கவில்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமை காலை, மறுநாள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமே என்று துண்டுகளை எடுத்துக் கம்பியில் கோர்த்தபோது ஒன்று குறைந்தது.

மாடி முழுக்கத் தேடினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தேன். கீழே இறங்கி, கட்டிலுக்கு அடியில், அரிசி டப்பாவுக்குப் பின்னால், துணி மூட்டைக்குள் என்று தேடினேன். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது.

"எதுடா காணோம்?" என்றாள் அக்கா, தலையைப் பின்னிக்கொண்டே.

"அந்தக் கத்திரிக்கா கலர்."

"அதானே. மீதியெல்லாம் இருக்குல்ல? ஒண்ணு தொலஞ்சிடுச்சின்னு சொல்லிக்கலாம். பயந்து சாவற."

"அவருக்காக இல்லக்கா. வேற எதுன்னாலும் பரவால்ல. அது… நீ ரூம்ல வெச்சுப் பாத்திருப்ப, அதான் தெரியல. சாயங்காலம் வெயில் சாயும்போது பாத்தா உள்ளேர்ந்து ஒரு செவப்பு வரும். மேலாப்புல ஊதா, உள்ள செவப்பு. தொட்டியோட நிழல் அது மேல ஏறும்போது அப்படியே கருநீலமாயிடும். ஒரு துண்டுதான், ஆனா ஒவ்வொரு நேரத்துக்கு ஒண்ணா இருக்கும். நேத்துகூட இருட்டற வரைக்கும்…"

அக்கா பின்னலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தாள். அடுப்பங்கரையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"எம்மா, இவன் பேசறதப் பாரேன்" என்றாள் அக்கா. "வேல கெடச்சப்பகூட இந்தப் பேச்சு பேசல. இதுக்கா போயி கடலமாவக் கட்டிக்கினு அழுதான்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. துணி மூட்டையைத் திரும்பக் கட்டினேன். ஆனால் வெட்கத்தோடு வேறொன்றும் இருந்தது. எனக்கும் ஒன்று பிடித்திருக்கிறது. அது இப்போது காணாமல் போயிருக்கிறது.

மதியம் அம்மா போன் செய்தாள். துண்டு கிடைத்துவிட்டது. அப்பாதான் எடுத்துப் போயிருந்தார்.

சாயங்காலம் வந்ததும் அவரைக் கேட்டேன். "எதுக்குப்பா எடுத்துனு போன?"

"ஸ்டாண்டுல காட்டலாம்னு" என்றார். பிள்ளை சைக்கிள் 'தைக்கக் கொடுத்திருக்கிறான்' என்று அங்கே சொல்லி வைத்திருக்கிறார், யாரும் நம்பவில்லை.

"அத்தினி இருக்கு, இதத்தான் எடுக்கணுமா?"

"பாதிக்கு மேல கற இருந்துச்சி. இது சுத்தமா இருந்துச்சி."

"இன்னா சொன்னாங்க?"

"ஒருத்தன் சூப்பர்னான். ஒருத்தன் ஒயின் ஷாப்பு ஷட்டர் மாதிரி இருக்குன்னான்." அப்பா துண்டை என்னிடம் கொடுத்தார். "எதுனா ஒண்ணு சொல்லுவானுங்க."

அம்மாவுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. துண்டை வாங்கி டியூப் லைட்டுக்கு அடியில் பிடித்தாள். அங்கே அது கருப்பாகத்தான் தெரிந்தது. அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எது நல்லது என்றால் ஆயிரம் காரணம் அடுக்கியிருப்பேன். இதற்கு என்னிடம் காரணம் இல்லை. பிறகு அவள் வாசலுக்குப் போய் மிச்சமிருந்த வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள்.

"கத்திரிக்காதான்" என்றாள். உள்ளே வந்து, குங்குமச் சிமிழில் விரலைத் தொட்டு அதன்மேல் ஒரு பொட்டு வைத்தாள். உடனே முந்தானையால் துடைத்தாள். போயிற்று. "இது தேவல" என்று என்னிடம் கொடுத்தாள்.

சனிக்கிழமை ஜோகுபாளையத்துக்குப் போய் முதலில் கறை விஷயத்தைத்தான் சொன்னேன். அவர் மணல் நிறத் துண்டை வாங்கி, ரோஸ் புள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றிருந்தேன்.

"இத்தனை நாளா பெட்ரோல் ஊத்திப் பாத்திருக்கேன், கல்லுல தேச்சுப் பாத்திருக்கேன். இது எனக்குத் தோணவேயில்லியே" என்றார். "ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்காத வீடு எங்க இருக்கு சொல்லு? மேட் கேட்டு வர்றவனுக்கெல்லாம் இதைக் காட்டணும். விடு, அம்மாவுக்கு என் நமஸ்காரம் சொல்லு. கலர் என்ன? கருப்புதானே?"

"கத்திரிக்கா கலர். மேட் வேணாம், பளபளப்பு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நிஜமாவா? இதை யாரும் எடுத்ததே இல்ல."

"பிடிச்சிருக்கு" என்றேன். அந்தச் சொல் வாயில் புதுச் செருப்பு மாதிரி இருந்தது.

பெயின்ட் ஆகி வந்த பிறகு மீதிச் சாமான்களைப் பொறுக்கக் கூப்பிட்டார். கைப்பிடி உறை, சீட், சீட் கம்பியை இறுக்குகிற வளையம், ஹேண்டில்பார் திரும்புகிற கழுத்தில் உட்காரும் கிண்ணங்கள், டயர். பிரேம் மேஜையில் இருந்தது. ஜன்னல் பக்கம் சிவந்தும், மறுபக்கம் இருண்டும்.

இந்த முறை வீட்டில் எல்லோரும் முன்கூட்டியே ஒரே பக்கம் சேர்ந்துவிட்டிருந்தார்கள். கத்திரிக்காய் நிறத்துக்குத் தங்கம்தான் என்று அக்கா சொல்லியனுப்பியிருந்தாள். சரிகை பார்டர் இல்லாமல் அந்த நிறத்தில் ஒரு புடவைகூடத் தான் விற்றதில்லை என்றாள். பிரேம் செய்கிறவரும் தங்க நிற வளையத்தைத்தான் முதலில் எடுத்து வைத்தார். "செம்மயா இருக்கும் குரு. கல்யாண மாப்பிள்ளை மாதிரி."

வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. யாரைக் கேட்டாலும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பழைய நானாக இருந்திருந்தால் அங்கேயே ஒத்துக்கொண்டிருப்பேன்.

"வெள்ளி இருக்கா?"

"இருக்கு. ஆனா கோல்டு…"

"வெள்ளி போடுங்க."

வெள்ளி வளையத்தைப் பொருத்தினார். அந்த இருண்ட ஊதாவில் அது மெல்லிசாக ஒரு கோடு மாதிரி நின்றது. போதும் என்று தோன்றியது. அப்புறம் எனக்கே ஆச்சரியமாகக் கை தானாகப் போயிற்று. கழுத்துக் கிண்ணத்துக்கும் வெள்ளி. சீட் கருப்பு, அது சின்னதுதான், அம்மா கண்ணில் படாது. டயரின் பக்கச் சுவர் பழுப்பு. கைப்பிடி உறைக்கு மட்டும் மணல் நிறம் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அந்தப் பிஸ்கட் நிறம் தனியாக இருந்தபோது ஒன்றுமில்லாமல் இருந்தது, ஊதாவுக்குப் பக்கத்தில் வந்ததும் நன்றாக இருந்தது. டீ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் சந்தேகமாக, "போட்டோ எடுத்து யாருக்காவது அனுப்பிக் கேக்கணுமா?" என்றார். வேண்டாம் என்றேன்.

சைக்கிளை எங்கள் சந்துக்குள் தள்ளிக்கொண்டு வந்தபோது மாலை. ஹேண்டில்பார் அகலம். என் தோளுக்கென்று போட்டது. இரண்டு வீட்டு வாசல்களில் அதைச் சாய்த்துத்தான் கடக்க முடிந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு கருத்து வந்தது. அக்கா படியில் இறங்கி வந்து சுற்றிப் பார்த்தாள்.

"தங்கம் எங்கடா?"

"வெள்ளிதான் எனக்குப் பிடிச்சிது."

அவள் குனிந்து வளையத்தைத் தொட்டாள். "கொலுசு போட்ட மாதிரி இருக்கு" என்றாள். அது பாராட்டா கேலியா என்று நான் கேட்கவில்லை.

அம்மா சைக்கிளின் கழுத்தில் பொட்டு வைத்தாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து என்னை ஏறி நசுக்கச் சொன்னாள். பிறகு நானும் அப்பாவும் தூக்கிச் சுவரில் மாட்டினோம். அப்பா ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து தன் கூட்டாளி ஒருவரைக் கையோடு அழைத்து வந்திருந்தார். வந்தவர் அறை நடுவில் நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனேப்பா, ஒயின் ஷாப்பு ஷட்டர் மாதிரியே இருக்குன்னு. இதப்போய் எடுத்திருக்கீங்க. வேற கலரே கெடைக்கலியா?"

அப்பா ஆணியை ஒரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். "நெறய இருந்துச்சி" என்றார். "அவனுக்கு இது பிடிச்சிருக்கு."

அம்மா எல்லோருக்கும் காபி எடுத்து வந்தாள். டியூப் லைட்டில் சைக்கிள் கருப்பாகத்தான் தெரிந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.